முகம் சுளிக்காத இருவர்

அன்புள்ள கயல்விழிக்கு அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. இன்றைக்கு அதை எழுத முடியாது, ஆத்தா. அம்மா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. பேசியும் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று முதல் நாள் சந்தேகப்பட்டேன். இல்லை, நிஜமாகவே பேசவில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது. முதலில் உன்னிடம் சொன்ன பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உன் படத்துக்கான இசையை நம் வீட்டில் போட்டுக் காட்டினாய் அல்லவா, அதைக் கேட்டுவிட்டு "பிரமாதமா இருக்குத்தா" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாய். அந்த இசையில் நான் பாதியைத்தான் கேட்டேன். நீயும் பாதியைத்தான் கேட்டாய். அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உனக்குக் கையசைத்தேன். நேற்று நீ அனுப்பிய செய்தியில், வருகிற வெள்ளிக்கிழமை டைரக்டரும் மற்றவர்களும் உட்கார்ந்து பின்னணி இசையை முடிக்கிறார்கள், அதற்குப் பிறகு ஒரு சத்தத்தைக்கூட மாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறாய். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை.

நீ வந்திருந்த அந்த ஒரு வாரம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. கீரமங்கலத்தில் நாற்பது வருஷமாக மைக்செட் கட்டிப் பிழைக்கிறவனின் மகள், ஆறு வருஷம் யார் யாரிடமோ உதவியாளராக இருந்துவிட்டு, முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு படத்துக்கு இசை போடுகிறாள். கடைவீதியில் பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னேன். "படத்துல எத்தனை பாட்டுத்தா?" என்று உன்னிடம் கேட்டேன். "பாட்டே கிடையாதுப்பா" என்றாய். "அப்பறம் எதுக்கு மியூசிக் டைரக்டரு?" என்று நான் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நீ பொறுமையாக விளக்கினாய். கடற்கரை ஊரில் ஒரு பெண். படகில் போன அவள் புருஷன் திரும்பவில்லை. ஊரே அழுது முடித்துவிட்டது, அவள் மட்டும் அழாமல் நாளைக் கடத்துகிறாள். படம் முழுக்க அவள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. "கடலை ஒரு தடவைகூடக் காட்ட மாட்டாங்கப்பா. காதுலதான் கடல் இருக்கணும். அதுவும் அலைச் சத்தமா இருக்கக் கூடாது, பயமா இருக்கணும்" என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நீ சொன்ன விதத்தில் என் கை மயிர் சிலிர்த்தது.

நம் லோடு வண்டியில் உன்னைக் கோட்டைப்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு நாள் அங்கே கிடந்தாய். கட்டிய கயிறு இழுபடுகிற சத்தம், படகின் அடிப்பலகையில் தண்ணீர் அறைகிற சத்தம், வலை இழுக்கிற கப்பியின் கிறீச், விசைப்படகின் எஞ்சின் மூச்சு வாங்குகிற சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாய். படகுக்காரர் பாய் உன்னைப் பார்த்து, "என்னம்மா இது, எஞ்சின் ரிப்பேராகுற சத்தத்தையெல்லாம் புடிக்கிறீங்க? இத வச்சா சினிமா எடுக்குறாங்க?" என்று கேட்டு, கடைசியில் அவரே உனக்காக நாலு தடவை எஞ்சினை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் நாயனம் வாசிக்கிற சிதம்பரம் அண்ணனை வரச் சொன்னாய். அவர் ராகம் வாசிக்கத் தயாராக உட்கார்ந்தால், நீ ஒரே ஒரு கீழ்ச் சுரத்தை மூச்சு முட்டுகிறவரை பிடிக்கச் சொன்னாய். மூச்சு உடைகிற இடத்தையும் விடாமல் பதிவு செய்தாய். அவர் என்னிடம் வந்து, "ஒம்மக என் தம்மைச் சோதிக்குதாப்பா, இல்ல வாசிப்பைச் சோதிக்குதா?" என்றார். அதைவிட வேடிக்கை, பின் அறையில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, அது வெறுமனே உறுமுகிற சத்தத்தையும் பதிவு செய்தாய். நாற்பது வருஷமாக அந்த உறுமலை ஒழிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எத்தனை வயரை மாற்றியிருப்பேன், எத்தனை கல்யாண வீட்டில் அதற்காக ஏச்சு வாங்கியிருப்பேன். நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அப்பா, இதுக்குள்ள ஒரு ஆளு உக்காந்து முனகுற மாதிரி இருக்கு" என்றாய். சரிதான், என் பிழைப்பின் கோளாறுகூட என் மகளுக்கு இசையாகிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், லேப்டாப்பை நம் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டில் இணைத்து, ஒரு காட்சியை எங்களுக்குப் போட்டுக் காட்டினாய். அறையில் நாம் நான்கு பேர். நீ, நான், அம்மா, சிதம்பரம் அண்ணன். திரையில் அந்தப் பெண் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடியில் அந்த உறுமல் எழுந்து வந்தது. அதற்கு மேல் அண்ணனின் ஒற்றைச் சுரம், கம்ப்யூட்டரில் நீ இழுத்து நீட்டியதில், நாயனம் என்றே சொல்ல முடியாத ஏதோ ஒன்றாக மாறியிருந்தது. எஞ்சின் சத்தத்தை மெதுவாக்கி நெஞ்சு அடிப்பதைப் போல வைத்திருந்தாய். அப்போது பழக்க தோஷத்தில் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். அம்மா ஒரு விரலைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சிதம்பரம் அண்ணன் ஒரு கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என் கை தானாகவே ஆம்ப்ளிஃபயரில் மேல்சத்தத்தைக் குறைக்கிற ட்ரெபிள் குமிழுக்குப் போனது. குறைத்தேன். இரண்டு முகமும் தளர்ந்தன. மறுபடி கூட்டினேன். இரண்டு முகமும் சுருங்கின. மறுபடி குறைத்தேன், மறுபடி கூட்டினேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பது எனக்குப் பழைய சங்கதி. பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நீ திரையைப் பார்த்தபடி, வலது கையை மெதுவாக அசைத்துத் தாளம் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தாய். நான் குமிழைத் திருப்பியது உனக்கும் தெரியவில்லை.

படம் நின்றதும், "மேல ஏதாச்சும் சத்தம் வச்சிருக்கியாத்தா?" என்று கேட்டேன். "மேல ஒண்ணும் இல்லப்பா. மேல வெறுமையா விட்டிருக்கேன். அந்த வெறுமைதான் இந்தக் காட்சியோட அழகே" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அண்ணனும் தலையை ஆட்டினார். உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு அம்மா கேட்டாள்: "எல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. அந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் எதுக்கு? ஊசிய வச்சுக் குத்துற மாதிரி இருந்துச்சு. சினிமாவுக்கு அப்படித்தான் வேணுமோ?" சிதம்பரம் அண்ணனிடம் சாயங்காலம் போய் விசாரித்தேன். "இந்தக் காலத்துப் புள்ளைங்க இசை, நமக்கென்ன தெரியுது, வேணும்னே வச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அந்தக் கப்பியின் கிறீச்சை நீட்டும்போது அதில் ஏதோ ஒரு மெல்லிய சத்தம் தங்கியிருக்கலாம், எனக்குத் தெரியாது. நீ வேண்டுமென்றே வைத்தாய் என்று நம்பத்தான் இருபது நாளாகப் பார்க்கிறேன். ஆனால் நீ வெறுமை என்று சொன்னாயே. அந்தச் சொல் என்னை உட்காரவிடவில்லை, நிற்கவிடவில்லை.

எனக்கு எப்படி உடனே புரிந்தது என்று கேட்பாய். எனக்கு மேல்சத்தம் கேட்காமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வயதான பிறகு கொஞ்சம் காது மந்தம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவோ முன்னாலேயே போய்விட்டது. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு வேறென்ன நடக்கும். ஆனால் மைக்செட்காரனுக்குக் காது கேட்காது என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? அதனால் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். மைக் விசில் அடித்தால் ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். முன்வரிசையில் இருக்கிற பெண்கள் முதலில் சுளிப்பார்கள், பிறகு குழந்தைகள் காதைப் பொத்தும். அதைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருப்பினால் போதும். பன்னிரண்டு வருஷமாக நான் காதால் வேலை பார்க்கவில்லை, ஆத்தா. கண்ணால் பார்த்தேன். "அண்ணன் கை வச்சா சத்தம் சுத்தமா இருக்கும்" என்று பெயர் வேறு வாங்கினேன். அந்தப் பாராட்டையெல்லாம் வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டில் அந்த வித்தை என் காலை வாரியது. உனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரியும். மாணிக்கம் கவனக்குறைவாக இருந்தான், அதனால் அவனை நிறுத்திவிட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். நடந்தது இது. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்துவிட்டு, அடுத்த காதில் கம்பியை வைத்திருந்தார். சீர்வரிசை வருவதை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஆள், உற்சாகத்தில் அப்படியே நடந்து பாக்ஸுக்கு முன்னால் வந்துவிட்டார். மைக் வீறிட்டது. நான் குனிந்து ஒரு வயரை முறுக்கிக்கொண்டிருந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை, அதனால் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நிமிர்ந்தபோது குழந்தை துள்ளியிருந்தது, மடல் கிழிந்து ரத்தம் வடிந்தது, தாய்மாமன் எழுந்து நின்று, "மைக்செட்காரன் காதுல என்னய்யா பஞ்சா வச்சிருக்கான்?" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னோடு பதினாலு வருஷம் வேலை பார்த்த மாணிக்கம் ஓடிவந்து, யாருக்கும் கேட்காமல், "அண்ணே, ஒங்களுக்குக் கேக்கலையா?" என்றான். அவன் உதடு அசைந்ததிலிருந்தே புரிந்துகொண்டேன். அத்தனை பேர் முன்னால் நான் அவனைப் பார்த்து, "பாக்ஸ் பக்கத்துல நின்னது நீதானடா? மைக்க முன்னால விட்டுட்டு எங்க வாயப் பாத்துக்கிட்டு நின்ன?" என்று கத்தினேன். அவன் மறுவாரத்திலிருந்து வேலைக்கு வரவில்லை. இப்போது நம் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். நாள் தவறாமல் அந்த வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரியதை இனிமேல்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை இந்த இடத்துக்கு வந்து வந்து பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ கைக்குழந்தையிலிருந்து என் பாக்ஸ்களோடு வளர்ந்தவள். அம்மா வயல் வேலைக்குப் போய்விட்டால் உன்னைக் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். மத்தியானம் பந்தி நடக்கும்போது பாட்டு முழுச் சத்தத்தில் ஓடும், நீ பெரிய பாக்ஸின் மேலே ஒரு துண்டை விரித்துப் படுத்துத் தூங்குவாய். ஜனங்கள் வந்து வந்து பார்ப்பார்கள். "இம்புட்டுச் சத்தத்துல எப்படிய்யா தூங்குது?" என்று கேட்பார்கள். "எம் மகளுக்குத் தாலாட்டே இதுதான்" என்று மார்தட்டுவேன். உன்னை இறக்கிக் கீழே படுக்க வைக்க வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் என் காதையே தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான்.

நீ ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பின்னாடி நின்னு கூப்பிட்டா பாப்பா திரும்ப மாட்டேங்குதுங்க. டிக்டேஷன்ல சில எழுத்தை மட்டும் விட்டுடுது. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு, புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய் காதைப் பாத்துட்டு வாங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நான் மைக்செட் வச்சிருக்கிறவன்ங்க. எம் மகளுக்குக் காது கேக்காதுன்னு எங்கிட்டயே சொல்றீங்களா? ரேடியோவுல பாட்டக் கேட்டு அப்படியே பாடுறா" என்று சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நீ பாடினாய், அது உண்மை. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கீழே இருந்தது பயம். பெண் பிள்ளைக்குக் காது மந்தம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு வந்துவிட்டால் நாளைக்கு யார் வந்து கட்டுவான் என்று பயந்தேன். பத்து வயதுப் பிள்ளையின் காதைப் பற்றிப் பேசும்போது எனக்கு மாப்பிள்ளையின் ஞாபகம் வந்தது, பார். அந்தச் சீட்டைத் திரும்பி வரும் வழியில் கிழித்து வாய்க்காலில் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. இருபத்தொன்பது வயதாகிறது உனக்கு, கல்யாணம் வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டாய். நான் யாருக்காக அந்தச் சீட்டைக் கிழித்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

போன வாரம் நான் முதல்முறையாகப் புதுக்கோட்டைக்குப் போய் என் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். உனக்குச் சொல்லுமுன் எனக்கு அது என்னவென்று தெரிய வேண்டும் என்றுதான் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், மெஷினை இயக்கிக்கொண்டிருந்தது. நான் டக் டக்கென்று அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்து வந்து, "ஐயா, ஒங்களுக்கு இவ்வளவு நல்லாக் கேக்குதுன்னு மெஷின் சொல்லுது. ஆனா நான் பேசுனா நீங்க என் வாயைத்தான் பாக்குறீங்க. கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க" என்றது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சத்தத்தைக் கேட்டு அமுக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்து அமுக்கியிருக்கிறேன். வேண்டுமென்று ஏமாற்றவில்லை, ஆத்தா, என் கைக்கு வேறு மாதிரி செய்யத் தெரியவில்லை. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். உட்கார்ந்தேன். முதலில் கனமான சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று பட்டனில் விரலை வைத்தபடி அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெண் வந்து தோளைத் தொட்டு, "முடிஞ்சுருச்சுங்கய்யா" என்றது. நான் அழுதுகொண்டிருந்ததை அந்தப் பெண்ணிடம் மறைக்க முடியவில்லை.

டாக்டரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். பாக்ஸ் மேல் தூங்கியதால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா, ஹெட்போனால் வந்ததா என்று உன்னைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அப்படி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். கேட்காமல் போனது திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம். அதற்குச் சத்தத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. நீ ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஹெட்போனோடு இருக்கிறாய். நம் வீட்டில் இருந்த ஒரு வாரத்தில் நீ சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். நானும் அப்படித்தான் செய்தேன். கேட்காதவன் கூட்டுவான், கூட்டக் கூட்ட இன்னும் கேட்காமல் போகும். நான் அதில் எங்கே போய் நின்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பூ மார்க்கெட்டுக்கும் போனேன். மாணிக்கம் மல்லிகையை நிறுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு விசில் எனக்குக் கேட்கவில்லை, அந்தப் பழியை அவன் மேல் போட்டேன் என்று சொன்னேன். அவன் தராசைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் தெரியாது" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே அம்மாவிடம் சீட்டுச் சங்கதியைச் சொன்னேன். அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு என்னை வெறித்துப் பார்த்தாள். "பெத்தவ நான் ஒருத்தி வீட்டுல இருந்தேனே, எங்கிட்ட சொல்லத் தோணலையா ஒங்களுக்கு? இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். சொல்ற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள். அன்றிலிருந்து சோறு வைக்கிறாள், பேச்சு இல்லை. அவள் செய்வது சரி.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் ஒன்றுமில்லை. இருந்தாலும் அப்பனாகச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் காதைப் பரிசோதித்துவிடு. சென்னையில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்காதே. முடிவு எதுவாக இருந்தாலும் டைரக்டரிடம் நீயே போய்ச் சொல். வேறு யாரோ தியேட்டரில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. முதல் படம், இதைச் சொன்னால் அடுத்த படம் கிடைக்காது என்று உன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் அடித்துக்கொண்டது. கிடைக்காமலும் போகலாம், அதை நான் மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் அடியில் நீ செய்து வைத்திருப்பதை நான் முழுதாகக் கேட்டேன், ஆத்தா. அந்தப் பெண்ணின் பயம் என் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படிச் செய்யத் தெரிந்தவளுக்கு, மேல்சத்தத்தைக் கேட்டுச் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் என்ன கேவலம்? அந்தச் சத்தங்களெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடாகத் தெரிகிறது என்று நீதானே எனக்குக் காட்டினாய். காது விட்டதைக் கோட்டில் பார். ஆனால் என்னைப்போல ஒருத்தருக்கும் சொல்லாமல் ஜனங்களின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளாதே. அதில் மாட்டிக்கொண்டவனுக்கு மனுஷ முகத்தை வேறு எதற்காகவும் பார்க்கத் தெரியாமல் போய்விடுகிறது. டைரக்டரிடம் வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடு. அவரும் படிக்கட்டும், உன்னோடு வேலை பார்க்கிறவர்களும் படிக்கட்டும். இதில் கெடுவதற்கு என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.

இது என் கற்பனையாக இருந்துவிட்டால், அந்தக் கீச்சை நீ வேண்டுமென்றே வைத்திருந்தால், இந்த மடத்தனத்துக்காக நீ ஆயுசு முழுக்க என்னைக் கிண்டல் செய். அதற்காக நான் வேண்டாத சாமி இல்லை. இல்லையென்றால், இதைப் படித்து முடித்ததும் உனக்கு என் மேல் வருகிற கோபத்தைப் பாதி வழியில் நிறுத்தாதே. அப்பா வயசாளி, பாவம், காது கேட்காத மனுஷன் என்று விட்டுவிடாதே. போனில் திட்டினால் எனக்கு எதுவும் விளங்காது. பழக்கத்தில் சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பரிசோதனை முடிந்ததும் பஸ் ஏறி வா. வெளிச்சத்தில் எனக்கு நேராக நின்று, நிதானமாகத் திட்டு. உன் வாயைப் பார்த்து, அதில் ஒரு வார்த்தையைக்கூட விடாமல் நான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா